அக்காவின் கழுத்தை அளந்த நாள்

என் வேலை என்ன என்று யாராவது கேட்டால், ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுப்பது என்று சொல்லிவிடுவேன். அது பாதிதான். ஆளை மயக்குவது பெரிய வித்தையில்லை, அதை மருந்தே பார்த்துக்கொள்ளும். ஆனால் மயங்கியவர் தானாக மூச்சு விட மாட்டார். தொண்டை வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு டியூபைப் போட்டு, அவருக்காக நாங்கள் மூச்சு விட வேண்டும். அந்த வழி சிலருக்கு நேராக இருக்கும், சிலருக்கு இருக்காது. டியூப் போகாது என்பது மயக்கிய பிறகு தெரிந்தால், எங்கள் கையில் இருப்பது சில நிமிடங்கள் மட்டுமே.

அதனால் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். வாயைத் திறக்கச் சொல்வோம், நாக்கை நீட்டச் சொல்வோம், தாடைக்குக் கீழே விரல் வைத்து அளப்போம். இவ்வளவும் பார்த்து 'சுலபம்' என்று நாங்கள் எழுதிவைத்த சிலர் தியேட்டரில் எங்களுக்கு வியர்க்க வைத்திருக்கிறார்கள். கொழும்பில் பயிற்சியில் இருந்தபோது கழுத்தை ஸ்கேன் பண்ணிப் பார்க்கும் முறையைக் கற்றுக்கொண்டு வந்தேன். தாடைக்கு அடியில் கருவியை வைத்தால் நாக்கின் தடிமன் தெரியும். தோலிலிருந்து குரல்வளை மூடி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரியும். மூச்சுக்குழாய் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்பதும் தெரியும். அளந்து எண்ணாகவே எழுதி வைக்கலாம்.

நான் வேலை பார்க்கும் மலையக ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே இதற்கென்று தனி மெஷின் கிடையாது. பிரசவக் கிளினிக்கில் ஒதுக்கிவைத்த பழைய மெஷினைச் செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் கெஞ்சி வாங்கி, நோயாளிகள் படுத்திருக்கும் வாட்டுக்கு உருட்டிக்கொண்டு வருவேன். தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கு ஸ்கேன் என்றால் ஒன்றுதான், வயிற்றுப் பிள்ளையைப் பார்ப்பது. ஐம்பத்தைந்து வயது அம்மா ஒருவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

"எனக்கா ஸ்கேனு? பேரப்புள்ளையே ஸ்கூலுக்குப் போகுதுங்க டொக்டர். லயத்துல கேட்டா நான் என்னான்னு சொல்றது?"

கழுத்துக்குத்தான் என்றேன். பக்கத்துக் கட்டில்காரி உடனே, "அப்ப இவங்களுக்குப் புள்ள கழுத்துல நிக்கிது போல" என்றாள். வாட்டே சிரித்தது. எனக்கும் அந்தச் செவ்வாய்க்கிழமைகள் பிடித்திருந்தன. எனக்கு மட்டும் தெரிந்த ஒரு வேலையைச் செய்கிறேன் என்ற கர்வம் கொஞ்சம் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா வந்தாள்.

நாங்கள் இரண்டு பெண்கள், அக்கா எனக்கு எட்டு வயது மூத்தவள். உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தாள். நாங்கள் பிறந்ததும் அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில்தான். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அந்த ஒற்றை அறைக் காம்பராவில் அவளும் மச்சானும் இருந்தார்கள். கழுத்தில் கழலை வந்து பத்து வருஷம் இருக்கும். முதலில் யாருக்கும் தெரியவில்லை. பிறகு சேலைத் தலைப்பைச் சுற்றிப் போட்டு மறைக்கிற அளவுக்கு வந்தது. அதற்குப் பிறகு தலைப்புக்கும் அடங்கவில்லை. ஆபரேஷன் செய்துகொள் என்று போகும்போதெல்லாம் சண்டை போடுவேன். மகள் கல்யாணம் முடியட்டும் என்றாள். முடிந்தது. மகளுக்குப் பிள்ளை பிறக்கட்டும் என்றாள். பிறந்தது. சாக்குகள் தீர்ந்துபோய்த்தான் வந்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் தோட்டத்துப் பிள்ளை என்பது என்னோடு வேலை செய்பவர்களுக்குத் தெரியாது. நான் மறைக்கவில்லை என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். ஊர் எது என்று கேட்டால் நுவரெலியா என்பேன். அதில் பொய்யில்லை. அங்கிருந்து பஸ் பிடித்துப் போய் இறங்கி, தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் ஏற வேண்டும் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன். என் சிங்களம் சுத்தமாக இருக்கும். அப்பாவுக்கு டவுனில் கடை இருந்திருக்கும் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள், நான் திருத்தவில்லை.

அக்காவுக்கு இது எப்படித் தெரிந்ததோ தெரியவில்லை. வீட்டில் என்னைக் குட்டி என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு நாற்பது வயதாகப் போகிறது, இன்னும் குட்டிதான். அன்றைக்குக் கிளினிக் கதவுக்குள் வந்தவள் என் முகத்தைப் பார்த்தாள், பக்கத்தில் நின்ற நேர்ஸைப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "எங்கங்க உக்காரணும் டொக்டர்?" என்றாள்.

தோட்டத்து மேலாளரான துரைக்கு முன்னால் பெண்கள் நிற்கும் நிலை அது. என் அக்கா எனக்கு முன்னால் அப்படி நின்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்த ஒரு வரியை எழுதத்தான் இவ்வளவு நாளாகத் தயங்கிக்கொண்டிருந்தேன்.

படுக்கும்போது மூச்சு முட்டுகிறதா என்று கேட்டேன். "இல்லீங்க டொக்டர்." விழுங்கக் கஷ்டமா? "இல்லீங்க." எல்லாவற்றுக்கும் இல்லீங்கதான். கட்டிலில் நீட்டிப் படுக்கச் சொன்னதும் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "தலமாட்ட கொஞ்சம் ஒசத்தி வைங்களேன்" என்றாள். உயர்த்தி வைத்தேன். ஸ்கேனுக்குப் பூசும் களிம்பைக் கழுத்தில் வைத்ததும் குளிரில் தோள் சிலிர்த்தது. அவள் கழுத்தைத் தொட்டு எத்தனையோ வருஷமாயிற்று என்று அப்போது நினைத்தேன். நினைத்துவிட்டு ஸ்கிரீனைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.

வாய் சொன்ன பொய்யை மெஷின் சொல்லவில்லை. மூச்சுக்குழாய் வளைவாகத் தெரிய வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. தேடிக்கொண்டே போனால் இரண்டு விரல் தள்ளி இடது பக்கம் ஒதுங்கியிருந்தது. வட்டமாக இருக்க வேண்டியது நசுங்கி ஒரு கோடாகக் கிடந்தது. குரல்வளை மூடியும் நான் அதுவரை அளந்த யாருக்கும் இல்லாத ஆழத்தில் இருந்தது. இவளை மயக்கிப் படுக்கவைத்தால் டியூப் போகாது. அது எழுதிவைத்த மாதிரி தெரிந்தது.

எங்கள் பிரிவின் பெரிய டொக்டரைக் கூப்பிட்டேன். கண்டிப்பானவர், ஆனால் நல்ல மனிதர். அவர் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் கேட்டார், நான் இங்கிலீஷில் விளக்கினேன். நடுவில் நேர்ஸோடு சிங்களத்தில் பேசினோம். பத்து நிமிடம் அவள் கழுத்துக்கு மேலே இரண்டு பாஷையில் பேசினோம், அவளுடைய பாஷையில் யாரும் ஒரு சொல் பேசவில்லை. நீ இதைப் பார்க்காமல் விட்டிருந்தால் இந்தப் பெண்ணைத் தியேட்டரில் இழந்திருப்போம் என்று அவர் என் தோளைத் தட்டினார். அக்கா அவர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய டொக்டர் என்னைப் பாராட்டுகிறார் என்பது மட்டும் அவளுக்கு விளங்கிவிட்டது. தலைப்புக்குள்ளே சிரித்தாள்.

அவளுக்குச் செய்ய வேண்டியது எங்கள் ஆஸ்பத்திரியில் முடியாத காரியம். விழித்திருக்கும்போதே மூக்கு வழியாகக் கேமரா வைத்த மெல்லிய குழாயை விட்டு, வழி பார்த்து டியூபைப் போட வேண்டும். அதற்குக் கண்டிக்குப் போக வேண்டும். அங்கே இருக்கிற நிபுணருக்கு ஒரு பக்கம் நிறைய இங்கிலீஷில் எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அளவுகளையெல்லாம் வரிசையாகப் போட்டு, அவசரம் என்று அடிக்கோடு இழுத்து, உறையில் போட்டு ஒட்டினேன்.

"இங்க செய்ய முடியாதுங்க. கண்டியிலதான் செய்யணும். இந்தக் கடிதத்தைக் குடுங்க, தாமதிக்க வேணாம்" என்றேன். நேர்ஸ் நிற்கிறாள், அதனால் அக்காவுக்கு ங்க போட்டேன். கண்டியில் எந்தக் கதவு, யாரிடம், எத்தனை மணிக்கு என்று எதையும் சொல்லவில்லை. அதெல்லாம் உறையின் மேல் இங்கிலீஷில் எழுதியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து விளக்கமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவள் உறையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கழுத்தைத் துடைக்கத் தாள் கொடுக்க மறந்துவிட்டேன். களிம்போடேயே தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு போனாள்.

அந்த ஞாயிறு எனக்கு டியூட்டி. அடுத்த ஞாயிறு எங்கள் ஆஸ்பத்திரிக் கூட்டத்துக்குப் படங்கள் தயார் செய்துகொண்டிருந்தேன். கூட்டத்தில் நோயாளியின் பெயரை மறைத்துவிட்டு அக்காவின் கழுத்தைத் திரையில் பெரிதாகப் போட்டுக் காட்டினேன். மூச்சுக்குழாய் கோடாகக் கிடப்பதை அம்புக்குறி வைத்துச் சொன்னேன். கைதட்டினார்கள். இந்த நோயாளி இப்போது எங்கே என்று ஒருவர் கேட்டார். கண்டிக்கு அனுப்பியாயிற்று என்றேன். அதைச் சொன்னபோது எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. கண்டியில் வரிசை நீளம், திகதி கொடுத்திருப்பார்கள், முடிந்தால் சொல்லுவாள். ஒரு போன் பண்ண எனக்கு ஒரு நிமிடம் போதும். பண்ணவில்லை.

ஏழாவது வாரம், ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணியிருக்கும். அவசரப் பிரிவிலிருந்து மயக்க மருந்து டொக்டர் உடனே வேண்டும் என்று அழைத்தார்கள். கழுத்தில் கட்டி, மூச்சு ஏறவில்லை, தோட்டத்துப் பெண் என்றார்கள். படியிறங்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் சாக்குப் படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் மூட்டையைத் தூக்கியபோது கழுத்து திடீரென்று பெருத்துவிட்டதாம். கழலைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. இரண்டு கையையும் ஊன்றி, முன்னால் சாய்ந்து, காற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். உதடு நீலம். நான் ஓடிப்போய் அவளைப் பிடித்துக்கொண்டேன். அக்கா, அக்கா என்று கத்தினேன்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சிங்களத்திலும் அதே சொல்தான். எங்கள் நேர்ஸ்கள் நடுவயதுப் பெண் யாரைக் கண்டாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். என்னுடைய அக்கா, கூடப் பிறந்தவள் என்று சிங்களத்தில் நான் விளக்கிச் சொன்ன பிறகுதான் அதற்குள் வந்துவிட்ட பெரிய டொக்டரின் கை ஒரு கணம் நின்றது. படங்கு கட்டிய அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீ தள்ளி நில். அளவுகளைச் சொல்" என்றார்.

சொன்னேன். எல்லாமே மனப்பாடமாக இருந்தது. எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம், எத்தனை விரல். கூட்டத்தில் சொன்ன அதே வரிசையில் சொன்னேன். அவர் இரண்டு தடவை முயன்றார், டியூப் போகவில்லை. சத்திர சிகிச்சை டொக்டர் வந்து கழுத்தைத் திறந்தார். கட்டிக்குள்ளிருந்து ரத்தம் கொட்டியது, ஒன்றும் தெரியவில்லை. நான் கிட்டே போய், இங்கே என்று இடது பக்கம் விரல் வைத்துக் காட்டினேன். அங்கேதான் இருந்தது மூச்சுக்குழாய். டியூப் உள்ளே போனது. அதற்குள் இதயம் நின்றுவிட்டது, பிறகு ஓடவேயில்லை. நான் அளந்தது ஒன்றுகூடப் பிசகவில்லை. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மறுநாள் லயத்துக்குப் போனேன். அக்காவை வாசலில் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் சுற்றித் தரையில் உட்கார்ந்து ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். நானும் போய் அவர்களோடு உட்காரத்தான் நினைத்தேன். "டொக்டர் வந்துட்டாங்க, கதிர கொண்டாங்க" என்று யாரோ சொன்னார்கள். பிளாஸ்டிக் கதிரை வந்தது. துடைத்துப் போட்டார்கள். உட்கார்ந்தேன். அந்தக் கூட்டத்தில் கதிரையில் இருந்தது நான் ஒருத்திதான்.

மச்சான் என் கதிரைக்குப் பக்கத்தில் குந்தினார். கண்டியில் என்ன சொன்னார்கள், திகதி எப்போது கொடுத்தார்கள் என்று கேட்டேன். அவர் முழித்தார்.

"கண்டிக்கு இன்னும் அனுப்பலீங்களே. கடுதாசிய மறுநாளே வேலைக்குப் பேர் குடுக்க பெரட்டுக்குப் போன கையோட ஆபீஸ்ல குடுத்துருச்சு. கூப்பிடுவோம்னு சொன்னாங்களாம். ரெண்டு தரம் போய்க் கேட்டுச்சு."

எனக்குச் சட்டென்று விளங்கியது. தோட்டத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து எந்தத் தாள் வந்தாலும் அது போகிற இடம் ஒன்றுதான், ஆபீஸ் ஜன்னல். லீவுக்கு என்றாலும் அங்கேதான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவரை ஆபீஸில் பார்த்து, வான் ஏற்பாடு செய்து அனுப்புவார்கள். நோயாளி தானே கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிப் போவது அங்கே வழக்கமில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டை நானே அந்த ஜன்னலில் நீட்டியிருக்கிறேன். கடிதத்தைக் குடுங்க என்று ஒரு தோட்டத்துப் பெண்ணிடம் சொன்னால், அவள் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பாள் என்று அந்த ஆஸ்பத்திரியில் தெரிந்த ஒரே டொக்டர் நான்தான்.

ஆபீஸ் கிளாக்கரும் சாவு வீட்டுக்கு வந்திருந்தார். உறையை எடுத்துக்கொண்டே வந்திருந்தார். மேலே இங்கிலீஷில் டொக்டருக்கு என்று இருந்ததால் அவர் பிரிக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் பார்த்துச் சொல்வது தோட்டத்து டிஸ்பென்சரிக்காரர்தான் என்பதால், அங்கே யாராவது வந்ததும் கொடுக்கலாம் என்று பத்திரமாக வைத்திருக்கிறார். அங்கே எட்டு மாதமாக ஆளில்லை. நான் ஒட்டிய ஒட்டு அப்படியே இருந்தது. அவர்மேல் கோபப்படலாம் என்று பார்த்தேன். கோபம் வரவில்லை. வந்ததெல்லாம் என்மேல்தான் வந்தது.

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே" என்றேன் மச்சானிடம். கேட்டிருக்கக் கூடாத கேள்வி.

"நான் சொன்னேங்க. தங்கச்சிக்கு ஒரு வார்த்த பேசிப்பாருன்னேன். அதுக்கு ஆஸ்பத்திரியில எவ்ளோ வேல, நம்ம வேற போய்த் தொந்தரவு குடுக்கணுமான்னுச்சு." பிறகு அவரே தொடர்ந்தார். "அன்னைக்கி ஸ்கேன் எடுத்துட்டு வந்து ரெண்டு நாளு கழுத்த கழுவலீங்க. என்னா இது, பிசுபிசுன்னு இருக்கு, மருந்தான்னு கேட்டேன். மருந்தெல்லாம் இல்ல, குட்டி கையால தடவுனதுன்னுச்சு."

நான் அழுதேன். கதிரையில் உட்கார்ந்துகொண்டு எப்படி அழுவது என்று எனக்குத் தெரியவில்லை. கட்டிக்கொள்ளப் பக்கத்தில் யாரும் இல்லை. தரையில் இருந்த பெண்கள் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

எடுக்கிற நேரம் வந்ததும் வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள். மகள் போட்டாள், மச்சான் போட்டார், சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து போட்டார்கள். ஒரு பெண் தட்டை என் பக்கம் நீட்டினாள். அரிசியை அள்ளிக்கொண்டு அக்காவின் தலைமாட்டில் நின்றேன். என் வேலையே தலைமாட்டில் நிற்பதுதான். குனிந்து பார்த்தேன். கழுத்துத் தையலின் மேல் புதுச்சேலையை இழுத்து விட்டிருந்தார்கள். அந்த வாயைத் திறந்துவைக்க நேற்று எத்தனை பேர் பாடுபட்டோம். இப்போது துணியால் கட்டி மூடியிருந்தது. என் கை நகரவில்லை.

"போடுங்க டொக்டர், நேரமாகுது" என்றாள் தட்டு வைத்திருந்தவள், மெதுவாக.

"நான் டொக்டர் இல்ல. நான் இவளோட தங்கச்சி" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "தெரியுங்க டொக்டர்" என்றாள். "இங்க எல்லாத்துக்கும் தெரியுங்க. போடுங்க."